பிற்பட்ட நாடா? பிற்படுத்தப்பட்ட நாடா?

மணப்பாறை மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மாடுகள் வந்து சேர ஆரம்பித்துவிடும். புதன்கிழமை விடிந்தால், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் காட்சியை எங்கும் காணலாம். எலும்பு தெரியும் ஒரு காளையைக் காட்டி, ‘இது இளைத்த ஜாதி, தேறாது’ என்பார் வாங்குகிறவன் பக்கத்துத் தரகர். விற்க வந்தவன் வாயில்லாப்பூச்சியாக இருந்தால் அதோடு சரி. கேட்ட விலைக்குக் கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறவேண்டியதுதான். விவரம் தெரிந்தவன் விடமாட்டான். ‘ஜாதியைச் சொல்லாதீங்க அண்ணே. ரெண்டு வருஷமா மழையில்லை, வைக்கோல் இல்லை, அதனால இளைச்சுப்போச்சு. தீனி போட்டா தேறிடும்’ என்பான். மாடு அதே மாடுதான். ‘இளைத்த’ என்ற சொல்லும் அதே சொல்தான். காரணத்தைச் சொன்னவுடன் விலை மாறிவிடுகிறது.

நாடுகளுக்கும் இப்படி ஒரு சொல்லை ஒட்டித்தான் விலை பேசுகிறார்கள். ‘அண்டர்டெவலப்டு’ என்பது அந்த இங்கிலீஷ் சொல். நம் பத்திரிகைகள் அதைப் ‘பின்தங்கிய நாடுகள்’ என்றும், ‘வளர்ச்சி குன்றிய நாடுகள்’ என்றும் மொழிபெயர்த்தன. பிறகு அது ‘டெவலப்பிங்’ என்று மாறியது. நாமும் ‘வளரும் நாடுகள்’, ‘வளர்முக நாடுகள்’ என்று மாற்றிக்கொண்டோம். இந்த இங்கிலீஷ் சொல் ஆராய்ச்சியெல்லாம் படித்த பெரிய மனிதர்கள் சமாசாரம், பஞ்சு மில்லில் ராட்டை ஓட்டுகிறவருக்கும் நாற்று நடுகிறவருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. ரேஷன் கடை அரிசி, பம்புசெட் கரண்ட், நூறு நாள் வேலை ஆகிய மூன்றிலும் இந்தச் சொல் கை வைத்திருக்கிறது. அதைப் பின்னால் விளக்குகிறோம். முதலில் சொல்லின் பூர்வோத்திரத்தைப் பார்ப்போம்.

1949 ஜனவரி 20ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் வாஷிங்டனில் பதவியேற்றுப் பேசினார். தமது வெளிநாட்டுக் கொள்கையின் நான்காவது அம்சமாக, உலகத்தின் ‘அண்டர்டெவலப்டு’ பகுதிகளுக்கு அமெரிக்காவின் விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் கொடுத்து உதவப்போவதாக அறிவித்தார். அவருக்கு முன்பே நிபுணர்கள் சிலர் அந்தச் சொல்லை எழுதியதுண்டு. ஆனால் உலகத்தின் நெற்றியில் அதை ஒட்டியது அந்தப் பேச்சுத்தான். அதற்கு முன் நமக்கு என்ன பெயர்? நாகரிகமில்லாதவர்கள், காட்டுமிராண்டிகள், கறுப்பர்கள். 1919ல் எழுதப்பட்ட சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கை, 22வது ஷரத்தில், தோற்ற நாடுகளின் காலனி மக்களைத் தம் காலில் நிற்கத் திராணியற்றவர்கள் என்று கூறி, ‘முன்னேறிய’ நாடுகளின் கையில் ஒப்படைத்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் அந்த வசனம் செல்லவில்லை. இந்தியா விடுதலை அடைந்துவிட்டது, பர்மா, சிலோன், இந்தோனேஷியா என்று வரிசையாகக் கொடிகள் ஏறின. சுதந்திர நாட்டின் மந்திரியைப் பார்த்துக் காட்டுமிராண்டி என்று சொல்ல முடியுமா? மரியாதையாக ஒரு சொல் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

இந்தச் சொல் மணப்பாறைக்கு வரவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1952 ஜனவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு அக்டோபர் 2ந் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமாயிற்று. நாட்டை ‘பிளாக்’ பிளாக்காகப் பிரித்து அபிவிருத்தி செய்வது என்ற ஏற்பாடு அதிலிருந்து வந்தது. நம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ‘வட்டார வளர்ச்சி அலுவலர்’ என்று பெயர் வந்தது அந்த வழியில்தான். கிணறு வெட்டினார்கள், ரோடு போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதை நாம் இல்லை என்று சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. வளர்ச்சியைக் கொண்டுவந்து கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்றால், அதை எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர் உண்டா, இல்லையா?

‘பின்தங்கிய’ என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து பாதயாத்திரை போகிறார்கள். மூன்று பேர் முன்னால் போய்விட்டார்கள். ஒருவர் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டுப் பின்தங்கிவிட்டார். ‘குன்றிய’ என்றாலும் இதே கதைதான். செடி தானாகக் குன்றிப்போயிற்றாம். யார் மேலும் குற்றமில்லை. வெய்யிலின் கொடுமை, ஜனங்களின் சோம்பேறித்தனம், பிள்ளை குட்டி அதிகம் என்று சமாதானம் சொல்லிவிடலாம். குன்றச் செய்தவன் பெயர் அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை.

திருச்சி ஜில்லாவின் சரித்திரத்தையே சாட்சிக்கு அழைப்போம். ஏறக்குறைய 1,900 வருஷங்களுக்கு முன் ஒரு கிரேக்கர் எழுதிவைத்த கடல் வழி வியாபாரக் குறிப்பில், ‘அர்கரு’ என்ற ஊரிலிருந்து வரும் மெல்லிய பருத்தித் துணியைப் பற்றிக் கூறுகிறார். அந்த ஊர் நம் உறையூர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். ரோமாபுரிச் சீமாட்டிகள் விரும்பிக் கட்டிய துணியை நெய்த ஊர்! இந்தியத் துணி தங்கள் ஊரில் விற்றால் தங்கள் நெசவு படுத்துவிடும் என்று பயந்து, பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1700லும் 1721லும் சீட்டித் துணிக்குத் தடைச் சட்டம் போட்டது. பிறகு மான்செஸ்டரில் இயந்திரம் வந்தது, இங்கே பீரங்கியுடன் கம்பெனி ஆட்சி வந்தது, நம் தறிகள் ஓய்ந்தன. சரி, கைத்தறிதான் போயிற்று, இந்தியாவிலேயே மில்கள் எழும்பினவே, அவற்றையாவது வளரவிட்டார்களா? 1896ல் மான்செஸ்டர் துணிக்கு 3.5 சதவிகிதம் இறக்குமதி வரி போட்டபோது, அங்குள்ள முதலாளிகள் மனம் நோகக்கூடாது என்பதற்காக இந்திய மில் துணிக்கும் அதே 3.5 சதவிகிதம் எக்சைஸ் வரி போட்டார்கள். சொந்த நாட்டு மில் துணி மேல், அந்நிய மில்லுக்கு நியாயம் செய்வதற்காக வரி! உலகத்தில் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? 1925ல்தான் அது தொலைந்தது. மில் தொழிலாளர்கள் இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டாலே போதும்.

நம் ஊர் வழியாக ஓடுகிற ரயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘வெள்ளைக்காரன் ரயிலாவது விட்டானே’ என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. திருச்சியிலிருந்து மணப்பாறை, திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போகும் பாதை 1875ல் திறக்கப்பட்டது. ரயில்வே கம்பெனிகளில் பணம் போட்ட சீமை முதலாளிகளுக்கு, ரயிலில் கூட்டம் ஏறினாலும் ஏறாவிட்டாலும், நம் வரிப்பணத்திலிருந்து வருஷத்துக்கு 5 சதவிகிதம் கொடுப்பதாக உத்தரவாதம் செய்யப்பட்டிருந்தது. நஷ்டம் நமக்கு, லாபம் அவர்களுக்கு. பாதை திறந்த மறு வருஷமே, 1876ல், சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. 1878 வரை நீடித்தது. 50 லட்சம் பேருக்கு மேல் மடிந்தார்கள். தானிய ஏற்றுமதியைத் தடுக்க வைசிராய் லிட்டன் பிரபு மறுத்துவிட்டார். வியாபாரச் சுதந்திரம் கெட்டுவிடுமாம். 1877 ஜனவரியில் டெல்லியில் விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினி பட்டம் சூட்டி தர்பார் நடத்தி விருந்து வைத்தார். அதே மாதம் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், கல் உடைக்கும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்த ஜனங்களின் பேரன் பேத்திகளைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் ‘வளர்ச்சி குன்றியவர்கள்’ என்று நிபுணர்கள் எழுதினார்கள். ராத்தல் அரிசி தின்றவன் குன்றாமல் என்ன செய்வான்?

இந்த இடத்தில் நம் தமிழ் மக்கள் செய்த ஒரு காரியத்தைப் பெருமையோடு குறிப்பிடவேண்டும். ‘பேக்வேர்டு கிளாஸ்’ என்று இங்கிலீஷில் எழுதுகிறார்கள். பின்னால் இருக்கும் வகுப்பு; அவ்வளவுதான் அதன் பொருள். முன்பெல்லாம் தமிழிலும் ‘பிற்பட்ட வகுப்பு’, ‘தாழ்ந்த ஜாதி’ என்றே எழுதிவந்தார்கள். இன்று தாலுகா ஆபீஸில் போய்ச் சான்றிதழ் கேட்டால், ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்று எழுதித் தருகிறார்கள். ‘தாழ்த்தப்பட்டோர்’ என்கிறோம், ‘ஒடுக்கப்பட்டோர்’ என்கிறோம். தாழ்ந்தவன் எவனும் இல்லை, தாழ்த்தியவன் ஒருவன் உண்டு என்பதை அந்தச் சொல்லே கூறிவிடுகிறது. பல தலைமுறை போராடி, சர்க்கார் காகிதம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த இலக்கணம் இது. இங்கிலீஷ்காரருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. ஜாதிக்குச் செய்ததை நாட்டுக்கும் செய்தால் என்ன? ‘பிற்பட்ட நாடு’ என்று இனி ஏன் எழுதவேண்டும்? பிற்படுத்தப்பட்ட நாடு என்றே எழுதுவோம்.

இது நம்முடைய வீம்பு அல்ல. தென் அமெரிக்காவில் கயானா என்ற சிறிய நாடு. நம் தமிழர்கள் உட்பட இந்தியக் கூலிகளைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோன நாடு. அங்கே பிறந்த வால்டர் ராட்னி என்ற அறிஞர் 1972ல் ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ‘அண்டர்டெவலப்டு’ என்ற அதே சொல்லை எடுத்து, ஐரோப்பா ஆப்பிரிக்காவுக்குச் செய்த வேலையாக, வினைச் சொல்லாக, புத்தகத்தின் பெயரிலேயே திருப்பிப் போட்டார். 1980ல் அவரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள்.

‘வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷமாயிற்று, இன்னுமா அவனையே திட்டிக்கொண்டிருப்பது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நாமும் அவனோடு நிறுத்தவில்லை. ‘வளரும் நாடு’ என்ற சொல்லில் உள்ள பெரிய மோசடி, மில் முதலாளியையும் மில் தொழிலாளியையும் ஒரே பாயில் உட்காரவைப்பதுதான். திண்டுக்கல், கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடத்தினார்களே, நினைவிருக்கிறதா? வயசுக்கு வந்த ஏழைப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாக ஆசை காட்டினார்கள். நடுவில் நின்றுவிட்ட பெண்களில் எத்தனையோ பேர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். கேட்டால், ‘இது வளரும் நாடு, போட்டி அதிகம், அமெரிக்கா மாதிரிச் சம்பளம் கேட்காதே’ என்ற பதில். அவர்கள் நூற்ற நூலில் தைத்த சட்டை மட்டும் வளர்ந்த நாட்டுக் கடைகளில் வளர்ந்த விலைக்கு விற்கும். நாடு ‘வளரும்’ நாடாம்! அந்தப் பெண் பிள்ளைகளின் சம்பளம் ஏன் வளரவில்லை?

சொல்லுக்கு வர்ணம் பூசுவதில் தரகர்கள் சமர்த்தர்கள். 1981ல் உலக வங்கியின் கிளை ஸ்தாபனமான சர்வதேச நிதிக் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த வான் ஆக்ட்மேல் என்ற அதிகாரி, ஏழை நாட்டுக் கம்பெனிகளின் பங்குகளில் பணம் போடுவதற்கு ஒரு நிதி ஆரம்பிக்கப் பார்த்தார். ‘மூன்றாம் உலகப் பங்கு நிதி’ என்று பெயர் வைத்தார். இந்தப் பெயரில் ஒரு பைசாகூடத் தேறாது என்று பணக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் யோசித்து, ‘எமர்ஜிங் மார்க்கெட்’ என்று மாற்றினார். எழுந்து வரும் சந்தை என்று பொருள். பணம் வந்தது. அதே நாடுதான், அதே பசிதான், பெயர் மட்டும் புதிது. கொம்புக்கு எண்ணெய் தடவிச் சந்தைக்குக் கொண்டுவரும் வித்தையை இவர்கள் மணப்பாறையில்தான் படித்திருப்பார்களோ என்னவோ!

நம் சர்க்காரும் சளைத்ததல்ல. ‘பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி’ என்று ஒரு திட்டம் முன்பு இருந்தது. தமிழ்நாட்டில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு மாவட்டங்களுக்குப் பணம் வந்தது. 2015-16 பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் அந்த நிதியைக் கைகழுவிவிட்டது. 2018ல் புதிதாக ஒரு பட்டியல் வந்தது. இனி ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று சொல்லக்கூடாதாம். ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்று சொல்லவேண்டுமாம். தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் சேர்ந்தன. அந்த மானிய நிதியைப் போல் இதற்குத் தனி நிதி உண்டா? கிடையாது, இருக்கிற திட்டங்களை ஒன்றுசேர்த்துச் செய்துகொள்ளவேண்டும். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் ‘பின்தங்கிய’ என்ற பெயர் இருந்தபோது பணமாவது வந்தது. பெயர் உயர்ந்தது, பணம் நின்றது.

இதிலிருந்து இன்னொரு உண்மை தெரிகிறது. மட்டமான சொல்லாக இருந்தாலும், அதில் ஒரு உரிமை ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுலபமாகக் கைவிடக்கூடாது. 1964ல் ஜெனீவாவில் 77 நாடுகள் கூடி, ‘நாங்கள் டெவலப்பிங் நாடுகள், எங்கள் சரக்குக்குச் சலுகை வேண்டும்’ என்று கூட்டறிக்கை வெளியிட்டன. அவமானமாக ஒட்டப்பட்ட சீட்டையே அவை கோரிக்கை மனுவாக மாற்றிக்கொண்டன. 1995ல் உலக வர்த்தக ஸ்தாபனம் வந்தபோது, விவசாயத்துக்கு நாடுகள் எவ்வளவு ஆதரவு தரலாம் என்று வரம்பு கட்டினார்கள். வளர்ந்த நாட்டுக்கு விளைபொருள் மதிப்பில் 5 சதவிகிதம், வளரும் நாட்டுக்கு 10 சதவிகிதம். ஏழை விவசாயிக்குக் கொடுக்கும் கரண்ட், உரம் முதலிய இடுபொருள் மானியம் வளரும் நாடுகளுக்கு இந்தக் கணக்கில் வராது என்றும் ஒரு ஷரத்து உண்டு. சர்க்கார் நெல்லைக் கொள்முதல் செய்து ரேஷனில் போடுவதற்கு 2013 டிசம்பரில் பாலி மாநாட்டில் கிடைத்த தற்காலிகப் பாதுகாப்பும் வளரும் நாடுகளுக்குத்தான். நெல்லுக்கு 10 சதவிகித வரம்பு தாண்டிவிட்டது என்று 2018-19 கணக்கில் இந்தியா தெரிவித்து, அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்தியது. அதாவது ‘வளரும்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நம் ரேஷன் அரிசி வழக்கில் நிற்கிறது.

அமெரிக்கா இதை நன்றாக அறியும். 2019 ஜூன் 5ந் தேதி, வளரும் நாடுகளுக்குத் தந்துவந்த வரிச் சலுகைப் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கியது. அடுத்த மாதமே ஜனாதிபதி டிரம்ப், பணக்கார நாடுகள் தங்களை வளரும் நாடு என்று சொல்லி ஏமாற்றுவதாகக் குற்றஞ்சாட்டி உத்தரவு போட்டார். 2020 பிப்ரவரியில் இன்னொரு பட்டியலிலிருந்தும் இந்தியாவின் பெயர் போயிற்று. உதவி செய்வதாகப் பெருமை அடித்துக்கொண்ட காலத்தில் அவர்களே நம் நெற்றியில் ஒட்டிய சொல் இது. அதைக் காட்டி நாம் உரிமை கேட்டவுடன் அவர்களே பிய்த்தெறிகிறார்கள்!

அங்கே அப்படி. இங்கே டெல்லியில் என்ன நடக்கிறது? ஜெனீவாவுக்குப் போனால் ‘நாங்கள் வளரும் நாடு, கை வைக்காதீர்கள்’ என்று வாதாடுகிறார்கள். அது சரியான வாதம், நாம் ஆதரிக்கிறோம். ஊருக்குத் திரும்பினால் 2047க்குள் ‘விக்சித் பாரத்’, அதாவது வளர்ந்த பாரதம் என்று தம்பட்டம். தம்பட்டத்தோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். 2025 டிசம்பரில், 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். காந்தியின் பெயர் போயிற்று. சட்டத்தின் பெயரே ‘விக்சித் பாரத்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. 100 நாள் 125 நாளாக உயர்ந்துவிட்டது என்கிறார்கள். உள்ளே படித்தால், முன்பு கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் கொடுத்தது. இதில் மாநிலங்கள் 40 சதவிகிதம் போடவேண்டும். வேலை கேட்டால் கொடுத்தே தீரவேண்டும் என்ற பழைய ஏற்பாடு போய், இவ்வளவுதான் பணம் என்று டெல்லி முன்கூட்டியே வரம்பு கட்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் வேலை கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். அந்த 60 நாள் எதற்கு? கூலி பேசுவதற்கு விவசாயத் தொழிலாளிக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்ததே அந்த நூறு நாள் வேலைதான். நடவு நேரத்தில் அதை நிறுத்திவிட்டால், பண்ணையார் சொன்ன கூலிக்கு வந்துதானே ஆகவேண்டும்!

‘வளரும் நாடு, ஆகையால் பொறுத்துக்கொள்’ என்றார்கள் அன்று. ‘வளர்ந்த நாடாகப் போகிறோம், ஆகையால் பொறுத்துக்கொள்’ என்கிறார்கள் இன்று. மாநில சர்க்காரும் 2023 ஏப்ரல் 21ந் தேதி, புதிய தொழில்களை இழுப்பதற்கென்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. வளர்ச்சி என்ற பெயர் சொல்லி வந்த மசோதாவைத் தொழிலாளிகள் பத்தே நாளில் திருப்பி அனுப்பிய கதை அது.

கிராம சபை கூடும்போது மணப்பாறை வட்டார நண்பர்கள் தவறாமல் போகவேண்டும். அதிகாரி காகிதத்தை எடுத்து ‘விக்சித் பாரத்’ என்று வாசித்தால், கை தட்டுவதற்கு முன் எழுந்து நின்று கேளுங்கள். நம் ஒன்றியத்தில் வேலையை நிறுத்தும் அந்த 60 நாள் எந்தெந்த மாதம்? மாநிலத்தின் 40 சதவிகிதப் பணம் வந்துவிட்டதா? போன தடவை செய்த வேலைக்குக் கூலி பாக்கி எத்தனை பேருக்கு? வாயால் சொல்லும் பதில் வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.